உப்பு சரியா இருக்கு

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரிகிற சந்து அது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அந்தச் சந்துக்குள், பத்துக்குப் பதினைந்து அறை ஒன்றில் ஒரு பிரபு குடியிருந்தான். லார்ட் க்ரிம்ஃப்ராஸ்ட் என்று பேர். உறைபனி தேசம் முழுக்க அவனுக்குத்தான் சொந்தம். அவன் ஒரு கருத்துச் சொன்னால் பின்லாந்திலும் பிரேசிலிலும் நாலு பேர் எழுந்து உட்கார்ந்து வாசிப்பார்கள்.

ஆதார் அட்டையில் அந்தப் பிரபுவின் பேர் மகேஷ்குமார், தகப்பனார் பேர் தளவாய். வயது நாற்பத்து மூன்று. ஐரோலியில் ஒரு ஐ.டி. பார்க்கின் முதல் வாசலில் உத்தியோகம். கழுத்தில் மாட்டும் அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வருகிற மகாராசர்களுக்கு ஒரு நாள் அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு இளநீலச் சட்டை, கறுப்புப் பேன்ட். பனியை அவன் கண்ணால் பார்த்தது மீன் மார்க்கெட்டில் வாவல் மீனுக்கு அடியில்தான்.

அவன் கேட்கிற பாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சிம்போனிக் ப்ளாக் மெட்டல் என்று அதற்குப் பேர். கிதார் ரம்பம் போல இழுக்கும், டிரம் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுகிற வேகத்தில் போகும். நடுவே ஒருத்தன் தொண்டையில் முள் சிக்கினவனைப்போலக் கத்துவான். இதற்கெல்லாம் பின்னால், இது எதுவுமே தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல வயலினும் ஆர்கனும் ஒரு கோயில் நிறைய ஜனம் பாடுகிற மாதிரி கோரஸும் ஓடிக்கொண்டிருக்கும். ஓநாய், காடு, குளிர், சாவு. பாட்டில் இந்த நான்குதான் விஷயம். இந்த நான்கில் தாராவியில் கிடைப்பது ஒன்றே ஒன்று, அதற்கும் யாரும் ஆர்கன் வாசிப்பதில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தது பதினேழு வயதில். பிளாஸ்டிக் கழிவை அரைத்துக் குருணையாக்குகிற குடோனில் வேலை பார்த்த நசீர் அவனோடு ஒன்றாய்ப் படித்தவன். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கிய பழைய சிடிக்கள் மெஷினில் விழும் முன், எலும்புக்கூடு படம் போட்டிருந்த ஒன்றை மட்டும் எடுத்து இவனிடம் நீட்டினான். மற்றதெல்லாம் வாளியும் மக்குமாகி ஊரெல்லாம் போய்விட்டது. அந்த ஒன்று மட்டும் மகேஷ்குமாராகிவிட்டது.

அன்றைக்குக் காதில் மாட்டிய இயர்போன்தான், அதற்கப்புறம் குளிக்கிற நேரம் தவிரக் கழற்றியதில்லை. சயானில் ரயில் ஏறித் தாணேயில் மாறி ஐரோலி போகிறவரைக்கும் காதில் ஓநாய்தான். காலை வண்டியில் ஜால்ரா தட்டி பஜனை பாடுகிற கோஷ்டி ஒன்று உண்டு. இவன் கண்ணை மூடித் தலையை ஆட்டுவதைப் பார்த்துப் பெரிய பக்தன் என்று முடிவு கட்டி, தினமும் இவனுக்கு மட்டும் இரண்டு துண்டு தேங்காய் கூடக் கொடுப்பார்கள். எந்த சாமி பாட்டு என்று ஒருவர் கேட்டபோது, நம்முடையது கொஞ்சம் வேறே சாமி என்று இந்தியில் சொல்லிச் சமாளித்தான். தேங்காயை மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை.

மெட்டல் ஆல்பங்களைக் கேட்டவர்கள் கருத்து எழுதி நூற்றுக்கு மார்க் போடுகிற இணையதளம் ஒன்று இருக்கிறது. அதில்தான் அவன் பிரபு. முந்நூற்றுப் பன்னிரண்டு ஆல்பங்களுக்கு மார்க் போட்டிருக்கிறான், எதற்கும் எழுபதைத் தாண்டினதில்லை. முனிசிபல் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்த ஆங்கிலம் என்பதால், ஆரம்பத்தில் கருத்தை எப்படி முடிப்பதென்று தெரியாமல் திண்டாடினான். கடைசியில் வீட்டில் தினம் சொல்கிற வாக்கியத்தையே இங்கிலீஷில் போட்டுவிட்டான்.

அந்த வாக்கியத்துக்கு ஒரு கதை உண்டு. தட்டில் சோறு விழுந்து முதல் கவளம் உள்ளே போனதும் அவன் மனைவி செண்பகவல்லி, "உப்பு பாத்தீகளா?" என்று கேட்பாள். அவன் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை எடுத்து, "உப்பு சரியா இருக்கு. ஆனா என்னமோ ஒண்ணு கொறையுது" என்பான். என்ன குறைகிறது என்று அவனுக்கே தெரியாது. நீதிபதி என்றால் ஏதாவது குறை சொல்லாமல் எழுந்து போக முடியுமா? பத்தொன்பது வருஷமாக இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் ஒரு நாள் தப்பினதில்லை.

அதை அவன் அப்படியே எழுதினான்: சால்ட் இஸ் கரெக்ட், பட் சம் ஒன் திங் இஸ் மிஸ்ஸிங். வெள்ளைக்காரர்கள் சொக்கிப்போனார்கள். உப்பென்றால் பேயை விரட்டப் போடுகிற வட்டம் என்றான் ஒருவன். இல்லை, அது ஆதிக் கடல் என்றான் இன்னொருவன். ஜெர்மனியில் ஒருத்தன் அதை டீஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு படம் அனுப்பினான். அது புளிக்குழம்பு விஷயம் என்று மகேஷ்குமார் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வீட்டில் இந்தப் பிரபு பட்டம் யாருக்கும் தெரியாது. என்னமோ இங்கிலீஷ் பாட்டு கேட்கிறார் என்ற அளவில் செண்பகவல்லி விட்டுவைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை இயர்போனில் ஒன்றை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். இது என்ன பாட்டு என்று கேட்டாள். "ஒனக்கு இதெல்லாம் வெளங்காதுட்டி" என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டான். அந்த ஒரு வார்த்தையை அவள் மறக்கவே இல்லை. அவனுக்கோ சொன்னது ஞாபகமே இல்லை.

செண்பகவல்லி சும்மா ஆளில்லை. அந்தச் சந்தில் குலவை என்றால் அவள்தான். அம்மன் கோயில் கொடையா, வளைகாப்பா, யார் வீட்டிலாவது பெண் பெரியவளானாளா, ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். வலது கையை வாயோரம் வைத்து, நாக்கை இரண்டு பக்கமும் அடித்து அவள் எழுப்பினால் மற்ற பெண்களின் குலவை தானாக அடங்கிவிடும். போன வருஷக் கொடைக்கு, செம்பூர் திலக் நகரிலிருந்து நிகில் என்று ஒரு பையன் சத்தம் பதிவு செய்யும் மெஷினோடு வந்திருந்தான். பாலக்காட்டுக் குடும்பம், பகலில் வங்கியில் வேலை, மற்ற நேரமெல்லாம் வேதாளபுரி என்கிற மெட்டல் குழுவில் கீபோர்டு. இவள் குலவையைக் கேட்டு மெஷினை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டு, ஆன்ட்டி, எங்கள் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு இதைத் தரணும் என்று கையெடுத்துக் கும்பிட்டானாம்.

எந்த மாதிரிப் பாட்டு என்று அவள் கேட்டாள். அவன் போனில் போட்டுக் காட்டினான். அரை நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று: பத்தொன்பது வருஷமாகத் தன் புருஷன் காதிலிருந்து கசிகிற அதே சத்தம். உடனே சரியென்றாள். பக்கத்து வீட்டு விஜயராணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, மகேஷ்குமார் டியூட்டிக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குப் போய்ப் பாடிக் கொடுத்துவிட்டு வந்தாள். அவனிடம் சொல்லவில்லை. அவர் எப்படியும் இதைக் கேட்பார், கேட்டுவிட்டு, யாருட்டி இது என்று என்னிடம் வந்து நிற்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விஜயராணியிடம் சொன்னாளாம். அதற்காக எட்டு மாதம் காத்திருந்தாள்.

ஆல்பம் வந்தது. 'கழிமுகத்தில் உறைபனி' என்று ஆங்கிலத்தில் தலைப்பு. தாணே கழிமுகத்தில் நாரையும் நாற்றமும் உண்டு, உறைபனி எங்கே இருக்கிறது என்று பிரபுவுக்கு முதல் பார்வையிலேயே எரிச்சல். ஊர்க்காரன் செய்தால் இளக்காரம்தானே நமக்கு! ஐரோலி போகிற வண்டியில் ஒரே மூச்சில் கேட்டு முடித்தான். ஸ்டேஷனில் இறங்குவதற்குள் கருத்தும் எழுதிவிட்டான். கீபோர்டு ஜாஸ்தி, கிதார் தண்ணீர்த் தொட்டிக்குள் கேட்கிறது, நூற்றுக்கு நாற்பத்தொன்று. நாலாவது பாட்டான 'ஓநாய்களின் அரசி'க்கு மட்டும் தனிப் பாரா. அதில் வருகிற பெண் கூச்சல், அடுப்பங்கரையில் பல்லி மேலே விழுந்தவள் போடுகிற சத்தம், அதை வெட்டி எறிந்தால் ஆல்பம் பிழைக்கும். கடைசியில் வழக்கமான முத்திரை: உப்பு சரி, என்னமோ ஒன்று குறைகிறது.

கட்டின பெண்டாட்டியின் குரல். அது அவனுக்குத் தெரியவில்லை.

மற்றவர்கள் கருத்தெல்லாம் வேறு மாதிரி இருந்தது. பின்லாந்துக்காரன் தொண்ணூறு போட்டான், நாலாவது பாட்டை வரிசையாகப் பதினொரு தடவை கேட்டதாகச் சொன்னான். அந்தச் சத்தம் வந்ததும் தன் நாய் கட்டிலுக்கு அடியில் போனது, மத்தியானம் வரை வெளியே வரவில்லை என்று பிரேசிலில் ஒருத்தி எழுதினாள். ஆல்பம் சுமார்தான், அந்த ஒரு குரலுக்காக வாங்கினேன் என்றான் நாக்பூரில் ஒருவன். கல்கத்தாவிலிருந்து ஒருவர், எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இப்படித்தான் ஒலி எழுப்புவார்கள், இது உயிருள்ள ஒரு பெண், எனக்கு அம்மா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

அவருக்கு லார்ட் க்ரிம்ஃப்ராஸ்ட் பதில் போட்டான். நண்பரே, இருபத்தைந்து வருஷமாக இந்த இசையைக் கேட்கிறவன் சொல்கிறேன். இது மனிதத் தொண்டையே இல்லை, கம்ப்யூட்டரில் செய்த சத்தம். இந்தப் பதிலை நாற்பது பேர் ஆமோதித்தார்கள். அன்றைக்கு வாசலில் அட்டை எழுதிக் கொடுக்கும்போது கையெழுத்துக்கூட ஒரு சுழி கூடுதலாக விழுந்தது.

அந்த வார ஞாயிறு மத்தியானம் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. மகேஷ்குமார் சுவரில் சாய்ந்து தட்டுக்குக் காத்திருந்தான். போன் சார்ஜில் கிடந்ததால் காதில் ஒன்றுமில்லை. அவன் மகள் ஷாலினி, பதினோராம் வகுப்பு, பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே அந்த ஆல்பத்தின் சிடி, மடித்த அட்டையில் பாடியவர்கள் பேர். ஷாலினி ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்று, "ம்மா, ஒன் பேரு" என்றாள். ஓநாய் அரசியின் குரல்: செண்பகவல்லி, தாராவி.

மகேஷ்குமார் சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தான். செண்பகவல்லி இவன் பக்கம் திரும்பவே இல்லை, வெட்கத்தில் குழம்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் என்னதான் சொல்கிறார்கள் என்று நிகில் தம்பி சொன்ன இணையதளத்தில் பார்க்கச் சொன்னாள். ஷாலினி தன் போனில் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். பின்லாந்து. பிரேசில் நாய். அதற்கு அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்கத்தாக்காரர் அழுததைச் சொன்னபோது செண்பகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகேஷ்குமார் எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தான். வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மகள்.

"இவன் ஒருத்தன் இருக்கான் மா, லார்டாம். பல்லி விழுந்த மாதிரி கத்துறாங்கன்னு போட்ருக்கான். மனுசத் தொண்டையே இல்லையாம்." ஷாலினிக்குக் கோபத்தில் பாதி இந்தி வந்தது. "லாஸ்ட்ல என்னமோ எழுதிருக்கான். உப்பு சரியா இருக்கு, ஆனா என்னமோ ஒண்ணு கொறையுதுன்னு. பாட்டுல எங்க மா உப்பு? பைத்தியம், பாகல் ஹை யே ஆத்மி."

கரண்டி நின்றது.

"கடைசிய இன்னொரு தரம் வாசி" என்றாள் செண்பகவல்லி. ஷாலினி வாசித்தாள். எவ்வளவு மார்க் என்று கேட்டாள். நாற்பத்தொன்று என்று பதில் வந்தது. செண்பகவல்லி திரும்பி, முதல் முறையாகப் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையில் ஊர்ந்துபோன ஓர் எறும்பை ரொம்ப அக்கறையாகக் கவனித்துக்கொண்டிருந்தான்.

"வெவரமான ஆளுதான்" என்றாள். "பத்தொம்பது வருசம் என் கையால தின்ன மாதிரில்லா எழுதிருக்காரு."

ஷாலினிக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டு வந்தது. சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, முதல் கவளம் உள்ளே போனது. மகேஷ்குமார் காத்திருந்தான். உப்பு பாத்தீகளா என்று அவள் கேட்கவில்லை.

திங்களும் கேட்கவில்லை, செவ்வாயும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. டிபன் டப்பா நேரத்துக்கு வந்தது, சட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது, கேட்டதற்குப் பதிலும் வந்தது. அந்த ஒரு கேள்வி மட்டும் வீட்டைவிட்டே போய்விட்டது. உலகத்தில் முந்நூற்றுப் பதின்மூன்று ஆல்பங்கள் தன் தீர்ப்புக்குக் காத்திருந்ததாக நினைத்தவனுக்கு, நிஜமாகவே தன் தீர்ப்புக்குக் காத்திருந்தது ஒரே ஒருத்திதான் என்பது புதன்கிழமை ஐரோலி வாசலில் ஒருவருக்கு அட்டை எழுதும்போது உறைத்தது. அந்த ஆளின் பேருக்குப் பதிலாக உப்பு என்று எழுதிவைத்தான்.

அட, அந்தக் குரல் எப்படி எனக்குத் தெரியாமல் போயிற்று என்று யோசித்தான். யோசிக்க ஒன்றுமே இல்லை. கொடைக்கு அவள் குலவை போடும்போதெல்லாம் அவன் சந்து முனையில் நிற்பான், காதில் ஓநாய். அவள் தங்கச்சி வளைகாப்பில் பந்தி மேற்பார்வை, காதில் ஓநாய். தன் மகள் பெரியவளான அன்றைக்குக்கூட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நார்வேக்காரன் கத்தலைத்தான் கேட்டிருக்கிறான். குளிர்காட்டிலிருந்து வருகிற ஊளைக்காக இருபத்தைந்து வருஷம் காதைத் தீட்டி வைத்திருந்தவன், நாலடி தூரத்தில் இருந்ததை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. இந்த லட்சணத்தில் மற்றவர்களுக்கு மார்க்!

வியாழக்கிழமை வண்டியில் நின்றபடி தன் கருத்தைத் திருத்தினான். நாற்பத்தொன்றை எடுத்துவிட்டுத் தொண்ணூற்றேழு போட்டான். அந்தக் குரல் மனிதக் குரல்தான், நான் சொன்னது தவறு என்றும் சேர்த்தான். அந்தத் தளத்தில் திருத்தினால் பழைய மார்க்கும் கீழே தெரியும். பிரபு விலைபோய்விட்டார் என்று எழுதினார்கள். பின்லாந்துக்காரன் மட்டும், மனிதக் குரல் என்று எப்படி நிச்சயமாகத் தெரியும் என்று கேட்டான். என் மனைவி என்று தட்டினான். பிறகு அழித்தான். அதைச் சொல்ல வேண்டிய இடம் அதில்லை என்று பட்டது.

வீட்டுக்கு வந்து, மார்க்கை மாற்றிவிட்டேன், தொண்ணூற்றேழு என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். செண்பகவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மார்க்கு நீங்களே போட்டீக, நீங்களே மாத்துனீக" என்றாள். "நீங்க கேக்கவே இல்லையே."

அடுத்த கீரைத் தண்டை எடுத்து ஒடித்தாள். அவனுக்கு அழுகை வந்தது, நாற்பத்து மூன்று வயதில் கீரைக்கட்டு முன்னால் அழக்கூடாதென்று முகம் கழுவப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஷாலினி டியூஷன் போயிருந்தாள். மகேஷ்குமார் இயர்போனைச் சுருட்டி அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். அடுப்புக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். காது வெறுமையாக இருந்தது கூச்சமாயிருந்தது, சட்டை போடாமல் ஆபீசுக்கு வந்த மாதிரி.

"செம்பகம்" என்றான். "இப்பம் கேக்கேன். ஒரு தடவ போடுதியா?"

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். வீட்டில் ஒரு காரியமும் இல்லாமல் குலவை போடுவார்களா என்றாள். பால் பொங்கப்போகிறது என்றாள். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. நீதிபதி முகமெல்லாம் போய், குற்றவாளி முகம்தான் மிச்சமிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். வலது கையை வாயோரம் கொண்டுபோனாள்.

பத்துக்குப் பதினைந்து அறை. தகரக் கதவு அதிர்ந்தது, மேலே அடுக்கியிருந்த சருவப்பானை கூடவே பாடியது. அந்தச் சத்தம் மேலே போய், அங்கேயே நின்று, இன்னும் மேலே போனது. மகேஷ்குமாருக்கு உடம்பு சிலிர்த்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழக்கதோஷம், எவ்வளவு போடலாம் என்று மனசு ஒரு நொடி தேடிப் பார்த்தது. ஒரு எண்ணும் அகப்படவில்லை. கீபோர்டு ஜாஸ்தி என்று எழுதினானே, இதற்குக் கீபோர்டே வேண்டாம் என்று மட்டும் தோன்றியது. இத்தனை வருஷம் இது இந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது.

குலவை அடங்குவதற்குள் சந்தில் கதவுகள் திறக்கிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து குலவை கேட்டால் சும்மா இருப்பார்களா? விஜயராணி குங்குமச்சிமிழோடு ஓடி வந்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர். ஒருத்தி அவசரத்துக்கு அரைக்கிலோ சர்க்கரை வேறு எடுத்து வந்திருந்தாள்.

"என்ன மதினி, என்ன விசேசம்?" என்றாள் விஜயராணி மூச்சு வாங்க. "ஷாலினிக்கு எதுவும் நல்ல எடம் வந்திருக்கா?"

செண்பகவல்லி முந்தானையை எடுத்து உதறிவிட்டாள். கீழே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதெல்லாம் இல்ல மதினி" என்றாள். "இவுகளுக்குக் காது கேட்டுட்டு."